நூறு சுற்றுக்கு ஒரு மணி

சுங்கை நங்கா தோட்டத்தில் அந்தக் காலத்தில் மின்சாரம் இருந்த இடங்கள் மூன்றுதான். துரையின் பங்களா, ரப்பர் ஆலை, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி அடித்திருந்த கம்பி வேலியின் விளக்குக் கம்பங்கள். வேலிக்குள் நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் சோறு தின்றோம். வேலி மட்டும் விடிய விடிய வெளிச்சத்தில் நின்றது. அப்படிப்பட்ட தோட்டத்தில் தச்சர் காப்ரியலும் அவர் மகன் தாஸும் சேர்ந்து மின்சார கிட்டார் செய்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கிணற்றடியிலும் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்திலும் கள்ளுக்கடையிலும் வஞ்சனையில்லாமல் சிரித்தோம். அந்தக் கிட்டாரின் சத்தத்தை ஒரே ஒரு நாள்தான் கேட்டோம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கோலா சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் சாலையில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது எங்கள் தோட்டம். மூன்று பக்கம் ரப்பர், நான்காவது பக்கம் சதுப்புக்காடு. காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் எமர்ஜென்சி போட்ட பிறகு சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி, இரட்டை வேலி அடித்து, ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். காலையில் மரம் சீவப் போகும்போது பெண்களின் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு கைப்பிடி சோறு வெளியே போகக் கூடாது, காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமாம். வெறுங்கோப்பியைக் குடித்துவிட்டு மதியம்வரை மரத்தோடு நின்றோம். மாலை ஆறுக்கு மேல் வேலியருகே எது அசைந்தாலும் சுடலாம் என்பது சட்டம்.

காப்ரியலுக்குத் தோட்டத்துச் சம்பளம் கூரைக்கும் கதவுக்கும் பிணப்பெட்டிக்கும்தான். ஆனால் இளவயதில் நான்கு வருஷம் கிள்ளானில் வாத்தியம் செய்கிற ஒரு பிலிப்பினோவிடம் இருந்து வேலை கற்றுக்கொண்டு வந்தவர் அவர். ரவாங்கிலிருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் எந்த மாதா கோயிலில் பிடிலோ ஆர்மோனியமோ பழுதானாலும் மாட்டுவண்டியிலோ சைக்கிளிலோ அவரிடம்தான் வரும். மனிதர்களிடம் பேச்சு குறைவு. பலகையை விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பலகைக்கு அவர் கொடுக்கும் பொறுமையில் பாதியை எனக்குக் கொடுத்திருந்தால் நான் ராணியாக வாழ்ந்திருப்பேன் என்பாள் அவர் மனைவி ஃப்ளோரா. கேட்டால் சிரிப்பார். அவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

கிட்டார் யோசனை தாஸுடையது. அந்தோணிதாஸ் என்பது முழுப்பெயர். ஆலையில் எஞ்சின் கொட்டகை வேலை, இருபத்திரண்டு வயது. கோலாலம்பூரில் நடன மேடையில் வாசிக்கும் பாண்டுக்காரர்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவனுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. பிடில் மாதிரி மேற்பலகை வளைந்து, பக்கத்துக்கு ஒரு கொக்கி வடிவத் துளை வைத்து, கம்பிகளுக்கு அடியில் காந்தம் பதித்த கிட்டார். ஒரு பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தை அப்பாவின் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். காப்ரியல் இரண்டு நாள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் படத்தின் மேல் அடிக்கோலை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் பலாமரம். மலாயில் நங்கா என்றால் பலா; தோட்டத்தின் பெயரே அதை வைத்து வந்ததுதான், அதற்குக் குறைவில்லை. மேற்பலகைக்கு ஏற்ற மென்மரம் நம் காட்டில் இல்லை என்று காப்ரியல் கைவிரித்தபோது, ஆலைக்கு இங்கிலாந்திலிருந்து புது மெஷின் வந்த பெட்டியின் பலகைகளை தாஸ் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் கேட்டு வாங்கி வந்தான். அந்தப் பலகையை இரண்டாகப் பிளந்து ஒட்டி, உளியால் குடைந்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி வளைவு எடுக்க ஏழு மாதம் ஆயிற்று. நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிவாகவும் இருக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சுரண்டினால் தகரச் சத்தம், குறைந்தால் ஊமை. ஒவ்வொரு நாளும் தட்டிப் பார்ப்பார். 'இன்னும் வாயத் தொறக்கல' என்று சொல்லிவிட்டு மறுபடி உட்காருவார். மங்குஸ்தீன் தோலை ஊறவைத்த சாயத்தில் நிறம் ஏற்றியபோது அது பழுத்த புளியின் நிறத்துக்கு வந்தது.

காந்தச் சுருள் மட்டும் தாஸின் வேலை. செத்துப்போன லோரியின் மேக்னட்டோ என்ற மின்பொறியைப் பிரித்து, அதற்குள்ளிருந்த முடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைப் பிரித்தெடுத்தான். அதைக் காந்தத்தின் மேல் ஐயாயிரம் சுற்றுக்குமேல் சுற்ற வேண்டும், எண்ணிக்கை தவறக் கூடாது. துரப்பணத்தை அவன் சுழற்ற, தங்கை முரியல் எதிரில் உட்கார்ந்து எண்ணினாள். நூறு சுற்றானதும் விரல்விட்டு எண்ணிக் குழம்பாமல் இருக்க, கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றி ஒரு மணியைத் தள்ளினாள். ஜெபமாலையில் சின்ன மணி ஐம்பத்து மூன்று. ஒரு மாலை முடிந்தால் ஐயாயிரத்து முந்நூறு சுற்று. அவ்வளவு போதும் என்று தாஸ் கணக்குப் போட்டான்.

ஃப்ளோரா அதைப் பார்த்துவிட்டாள்.

"மாதாவ கம்பி எண்ண வச்சிட்டீங்களா? வெளங்குமா இந்த வீடு?" என்று கத்தினாள். முப்பத்தோராவது மணியில் கம்பி அறுந்தது. பார்த்தாயா என்றாள். மறுநாள் அவளே தன் பெரிய ஜெபமாலையைக் கொண்டுவந்து முரியல் கையில் திணித்துவிட்டுப் போனாள். மணி பெரிதாக இருந்தால் விரல் வழுக்காது என்று.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் ஆறு மணிக்கு ஜெபமாலை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் பாயில் உட்கார்ந்தால்தான் தொடங்குவார்கள். ஒருவர் குறைந்தாலும் காத்திருப்பார்கள். கூப்பிடுவதற்கு காப்ரியல் வாயைத் திறக்க மாட்டார். பிடிலை எடுத்து நான்கு வரி மெட்டு ஒன்றை வாசிப்பார். அவர் அப்பா கப்பலில் கொண்டுவந்த மாதா பாட்டின் மெட்டு. அது கேட்டால் தாஸ் பந்து விளையாடும் இடத்திலிருந்து ஓடிவருவான், முரியல் கிணற்றடியில் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வருவாள். எங்கள் லயத்தில் பாதிப் பேர் அந்த மெட்டைக் கேட்டுத்தான் உலை வைத்தோம். புதிதாகச் செய்த வாத்தியம், பழுது பார்த்த வாத்தியம் எதுவானாலும் சோதிப்பதற்கு அவர் வாசிப்பதும் அதே நான்கு வரிதான். வேறு பாட்டு அவர் கைக்குத் தெரியாது.

ஐம்பத்தொன்று நவம்பரில் காட்டுக்காரர்கள் தாஸைப் பன்னிரண்டாம் நம்பர் மலையில், அந்த ரப்பர்த் தோப்பில், மறித்து, பழுதான ஒரு ரேடியோவைக் கையில் கொடுத்தார்கள். அவன் செய்து கொடுத்தான். துப்பாக்கியோடு நிற்பவனிடம் மாட்டேன் என்று யார் சொல்வார்கள் என்று பிற்பாடு எல்லாரும் அவனுக்காகப் பரிந்து பேசினோம். உண்மையைச் சொல்வதென்றால், கெட்டுப்போன எதைக் கொடுத்தாலும் துப்பாக்கி இல்லாமலேயே செய்து கொடுக்கிறவன் அவன். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். எஞ்சின் கொட்டகைக்குப் போலீஸ் வந்தபோது அவன் பட்டறைக்குப் பின்னால் வேலிக்கு அடியில் ஓடும் வாய்க்காலில் இறங்கியிருந்தான். ஆலையிலிருந்து வரும்போது வாசலைச் சுற்றாமல் அவன் குறுக்கே நுழைந்து வருகிற வழி அது. அப்படிப் போனவன்தான். கம்யூனிஸ்ட் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. பயந்து ஓடினான், ஓடியவனைக் காடு வைத்துக்கொண்டது.

அன்று மாலை காப்ரியல் பிடிலை எடுக்கவில்லை. பாய் விரிக்கவில்லை. ஒருவன் குறைகிறான், எப்படித் தொடங்குவது? ஃப்ளோரா அடுப்படியில் தனியாக, உதடு மட்டும் அசைய, ஜெபமாலை உருட்டினாள். பதினோரு மாதம் அந்த வீட்டில் ஆறு மணி வந்து வந்து போயிற்று. அந்த மெட்டு நின்றபோதுதான் எங்கள் லயம் எவ்வளவு அமைதியானது என்று எங்களுக்கே தெரிந்தது.

கிட்டாரை அந்தப் பதினோரு மாதத்தில் காப்ரியல் முடித்தார். கழுத்தை ஒட்டினார், மெருகேற்றினார், மகன் வாங்கி வைத்திருந்த கம்பிகளைக் கட்டினார். யாருக்காக இதைச் செய்கிறீர்கள் என்று ஃப்ளோரா கேட்டாள். அவர் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பியை மீட்டினால் கொசு பாடுகிற அளவுக்குச் சத்தம் வந்தது. மகன் சுற்றிய சுருள் அதை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாது. அதைக் கேட்காமல் சாகக் கூடாது என்று ஒருநாள் முரியலிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

அடுத்த அக்டோபரில் ஒரு விடியற்காலை லயம் முழுக்கச் சோதனை போட்டார்கள். காப்ரியல் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிட்டார் இருந்தது. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் அதைக் கையில் எடுத்து நன்றாக இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னார். பிறகு கம்பிக்கடியில் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து உள்ளே போகும் ஒயரைப் பார்த்தார். துளை வழியாக டார்ச் அடித்தபோது கழுத்தைத் தாங்க உள்ளே வைத்திருந்த மெஷின் பெட்டியின் கட்டையில் கறுப்பு மையில் ஆங்கில எழுத்தும் நம்பரும் தெரிந்தன. ரேடியோ செய்து கொடுத்தவனின் வீடு. மின்சாரம் இல்லாத லயம். அங்கே ஒயரும் காந்தமும் நம்பரும். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை; ஆனால் அவர் இடத்தில் யார் இருந்தாலும் காப்ரியலை லோரியில் ஏற்றியிருப்பார்கள்.

மூன்று நாள் வைத்து விசாரித்தார்கள். ஒன்று அது வாத்தியம் என்று நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்கள். காப்ரியல் மூன்று வயதில் கப்பலிலிருந்து இறங்கியவர். அங்கே அவருக்கு ஒரு ஊர்ப்பெயர் தவிர ஒன்றும் தெரியாது. முரியலோ இங்கேயே பிறந்தவள். மகன் திரும்பி வருவதென்றால் இந்த வீட்டுக்குத்தான் வருவான், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் எங்கே போவான் என்று ஃப்ளோரா கிராணியின் காலில் விழுந்தாள். வெள்ளிக்கிழமை பிரச்சார வண்டி தோட்டத்துக்கு வருகிறது, அதில் ஒலிபெருக்கி இருக்கிறது, வாத்தியமானால் அதில் வாசித்துக் காட்டட்டும் என்று கிராணிதான் இன்ஸ்பெக்டரிடம் பேசி முடித்தார். நல்லது நினைத்துத்தான் செய்தார். இந்தக் கதையில் எல்லாரும் நல்லது நினைத்துத்தான் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் பிடித்த மழை ஐந்து மணிக்கு விட்டது. திடலில் தண்ணீர் நின்றது. வண்டியின் கூரையில் நான்கு குழாய்கள், காட்டைப் பார்த்து இரண்டு, லயத்தைப் பார்த்து இரண்டு. சரணடைந்தால் மன்னிப்பு உண்டு என்று அதில் அறிவிப்புச் செய்கிறவர் சிவானந்தம் என்று ஒரு ரவாங்காரர். சட்டை மடிப்புக் கலையாதவர். அவர் கிட்டாரைப் பார்த்ததும் அறிவிப்பை மறந்தார். இதை இந்த மனிதரா செய்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மைக்கின் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் கிட்டாரின் ஒயரை அவரே பொருத்தினார்.

நாங்கள் எல்லாரும் திடலில் நின்றோம். காப்ரியல் மூன்று நாள் மழிக்காத முகத்தோடு வண்டியின் படியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தார். எதை வாசிக்க என்று கேட்டார். சத்தம் வந்தால் போதும், எது வேண்டுமானாலும் வாசியுங்கள் என்றார் சிவானந்தம். காப்ரியலின் கை தானாக அந்த நான்கு வரிக்குப் போயிற்று.

முதல் வரி வந்தது. சின்னச் சத்தம்தான், ஆனால் அது கொசு அல்ல. உருண்டையாக, கொஞ்சம் கரகரப்பாக, தொண்டை கட்டிய இளந்தாரி ஒருவன் பாடுகிற மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டுக் கையை உயர்த்தினார், போதும் என்று. காப்ரியல் கவனிக்கவில்லை.

"தம்பி, இன்னுங் கொஞ்சம் கூட்டுங்க."

"இதுவே போதும்லா ஐயா. தொர ஒத்துக்கிட்டாரு."

"போதாது. எம்மவன் சுத்துனது. முழுசா கேக்கணும்."

சிவானந்தம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கினார். குமிழைக் கடைசிவரை திருப்பினார் சிவானந்தம்.

அந்த நான்கு வரி திடலைத் தாண்டி, ஆலையைத் தாண்டி, ஈரக் காற்றில் ரப்பர் மரங்களுக்குள் போயிற்று. காட்டோரம் போய் முட்டித் திரும்பி வந்தது. பதினோரு மாதம் கழித்து எங்கள் உலை மெட்டு. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கழற்றினார் என்று நினைவு. காப்ரியல் இரண்டாம் முறையும் வாசித்தார், மூன்றாம் முறையும் வாசித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஃப்ளோரா மட்டும் அழவில்லை. அவள் காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இதையெல்லாம் முரியல் பிற்பாடு பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் சொன்னாள்.

"யாரக் கூப்புட்டீங்க?"

காப்ரியல் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு கிட்டாரைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு தூரம் கேட்காது என்றார். கேட்காது, கேட்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மறுநாள் காலை வாசலில் மீன் விற்க வந்த மலாய்க் கிராமத்துக்காரர், நேற்று உங்கள் தோட்டத்தில் கல்யாணமா, சதுப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆற்றோரம் வரைக்கும் பாட்டுக் கேட்டதே என்றார்.

தாஸ் என்ன நினைப்பான்? வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது, பாய் விரித்தாயிற்று, அப்பா கூப்பிடுகிறார். வேறென்ன நினைப்பான்? அந்தச் சத்தத்துக்கு அவன் அறிந்த பொருள் அது ஒன்றுதான்.

காவலில் இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தங்கராஜு எங்கள் லயத்துப் பையன்தான், தாஸோடு பந்தடித்தவன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்றாள் ஃப்ளோரா. வந்தால் சுட வேண்டாம், பிடித்துக் கொடுத்தால் போதும், சரணடைந்தவனுக்கு மன்னிப்பு என்று வண்டியிலேயே சொல்கிறார்களே. காப்ரியல் கூடாது என்றார்.

"சொன்னா நாமதான் கூப்புட்டோம்னு தெரிஞ்சிரும். வேலியச் சுத்தி ஆள் வைப்பாங்க. வேட்டையாடிருவாங்க ஃப்ளோரா."

"சொல்லாட்டி?"

"அவன் வரமாட்டான். புத்தியுள்ள பிள்ளை."

அவர் ஒருநாளும் எதிலும் பிடிவாதம் பிடித்ததில்லை. அதனால்தான் அவள் அடங்கிப் போனாள். சனிக்கிழமை ஆறு மணிக்கு ஃப்ளோரா வேலியோரம் போய் நின்றாள், லயத்துக் கோயிலுக்குப் பின்னால், காடு நேராகத் தெரிகிற இடத்தில். வந்தால் கையசைத்துத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று. காவலர் கண்ணில் படாமல் அரை மணி நேரம் நின்றாள். ஞாயிறன்றும் நின்றாள்; தங்கராஜுவே வந்து, அக்கா உள்ள போங்க, நேரமாச்சு என்று அனுப்பி வைத்தான். அவனிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வந்தாள். திங்கட்கிழமை பேய்மழை. அன்றும் குடையில்லாமல் கோயிலுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அவன் வந்தது அந்த வழியாக இல்லை. பட்டறைக்குப் பின்னால், வாய்க்கால் வழியாக. ஆறு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் இரண்டு வெடி கேட்டது.

மழையில் எங்கே வெடித்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஃப்ளோராவுக்குத் தெரிந்தது. கோயிலிலிருந்து பட்டறைவரை அவள் ஓடிய ஓட்டத்தை நாங்கள் கதவிடுக்கில் பார்த்தோம். யாரும் வெளியே வரக் கூடாத நேரம். அவள் போய்ச் சேர்வதற்குள் அவனைச் சுற்றி ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்மாவை விடவில்லை. லோரியில் தூக்கிப் போட்டபோது ஒரு கை வெளியே தொங்கியதை மட்டும் பார்த்தாளாம்.

மறுநாள் ஸ்டேஷனில் காப்ரியலைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னார்கள். என் மகன்தான் என்றார். பெட்டி செய்து கொண்டுவருகிறேன், என் கையால் அடக்கம் செய்ய விடுங்கள் என்று கேட்டார். அந்த வழக்கம் இல்லை என்றார்கள். தோட்டத்தில் செத்த எல்லாருக்கும் பெட்டி செய்த மனிதர் வெறுங்கையோடு பஸ்ஸில் திரும்பி வந்தார். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் தங்கராஜு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். சீருடை இல்லை, கைலிதான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, அவனும் ஏறவில்லை. நாங்கள் அவரவர் வாசலில் நின்றோம்.

"ரெண்டு தடவ நில்லுன்னு கத்தினேண்ணே. மழையில மொகந் தெரியல. யாரோ வாய்க்காலிலேருந்து எந்திரிச்சி நேரா வர்றான். எல்லாரும் வெளிச்சத்தப் பாத்தா பதுங்குவாங்க. இவன் பதுங்கல. 'இதோ வந்துட்டேன்'னு சொன்ன மாதிரி இருந்துச்சு. பக்கத்துல போய் டார்ச் அடிச்ச பெறகுதான்..."

கைலியை இழுத்து முகத்தைத் துடைத்தான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே. நான் திரும்பி நின்னுருப்பேனே," என்றான்.

ஃப்ளோரா காப்ரியலைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். சோற்றைத் தட்டில் போட்டு அவர் முன்னால் தள்ளுவாள், அவ்வளவுதான். அவர் பட்டறைக்குப் போவார், பலகையைத் தட்டுவார், காதைச் சாய்க்காமல் கீழே வைத்துவிடுவார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்து ஆபீஸ் பியூன் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தான். இன்னும் சோதிக்க வேண்டும் என்று அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். சனிக்கிழமை காலையே ஆள் வந்து கட்டிலிலிருந்து எடுத்துப் போயிருந்தான். இப்போது அதன் கழுத்தில் ஒரு காகிதம் கட்டியிருந்தது. இது இசைக்கருவி, இதன் மேலும் இதைச் செய்தவர் மேலும் சந்தேகம் எதுவுமில்லை என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டிருந்தார்கள். குடும்பத்தைக் கப்பலேற்றும் பேச்சு முடிந்துபோயிற்று. முரியல்தான் படித்துச் சொன்னாள். காப்ரியல் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பட்டறையிலிருந்து கைக்கோடாலியை எடுத்து வந்தார்.

கிட்டாரை வாசல் கட்டையில் சாய்த்து வைத்து அவர் கையை ஓங்கியபோது ஃப்ளோரா அடுப்படியிலிருந்து வந்தாள். கத்தவில்லை. கிட்டாரை எடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுத்திலிருந்த காகிதத்தைப் பிய்த்து அடுப்பில் போட்டாள். முரியலைப் பார்த்து மணி என்ன என்று கேட்டாள். ஆறாகப் போகிறது என்றாள் முரியல்.

ஃப்ளோரா பாயை எடுத்து விரித்தாள். பதினோரு மாதமாகச் சுருட்டி வைத்திருந்த பாய். உதறியபோது பல்லி முட்டை விழுந்தது. மாதா படத்துக்கு முன்னால் விளக்கை வைத்தாள். முரியல் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். கதவோரம், ஓடிவந்து கடைசியாக உட்காருகிறவனின் இடத்தில், ஃப்ளோரா கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது சரியாமல் இருக்க அடியில் தாஸின் பழைய சட்டையை மடித்துக் கொடுத்தாள். பிறகு தன் இடத்தில் மண்டியிட்டு, பெரிய ஜெபமாலையைக் கையில் எடுத்தாள்.

காப்ரியல் கோடாலியோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். புதன்கிழமைக்குப் பிறகு அவரைப் பார்க்காதவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் வந்தாச்சு," என்றாள். "வந்து ஆரம்பிங்க."

அவர் கோடாலியைக் கீழே வைத்தார். வந்து பாயில் உட்கார்ந்தார். தொடங்க வேண்டியது அவர்தான். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மூன்றாம் தடவை வந்த சத்தம் ஜெபமாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. ஆனால் அது அந்தச் சிறிய அறையில் பட்டதும், கதவோரம் சாய்ந்திருந்த கிட்டாரின் கம்பிகள், யாரும் தொடாமலேயே, மெல்ல அதிர்ந்து பதில் கொடுத்தன. வாத்தியம் செய்கிறவருக்குத் தெரியும் அது ஏனென்று. நன்றாகக் குடைந்த பலகை அறையில் கேட்கிற குரலையெல்லாம் தானும் சொல்லும். தெரிந்தும் அவர் பாயில் முகம் குப்புற விழுந்தார்.

ஃப்ளோரா நிறுத்தவில்லை. முதல் மணியைத் தள்ளினாள். அவள் ஒரு பாதி சொல்ல, முரியல் மறுபாதி சொன்னாள். ஐம்பத்து மூன்று மணியும் முடியும்வரை ஒவ்வொரு ஆமெனுக்கும் பிறகு கதவோரத்திலிருந்து ஒரு முனகல் வந்து அடங்கியது. சுவருக்கு இந்தப் பக்கம் என் அடுப்பில் உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது. அரிசியைப் போடாமல் நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.